மேடையை எடுப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்

திங்கட்கிழமை காலையில் முதலாவது எலியைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். தண்ணீருக்கடியில் மறைத்துவைத்த மேடையை வெள்ளிக்கிழமை பத்து விநாடிக்குள் கண்டுபிடித்து ஏறி நின்ற எலி அது. அன்றைக்குத் தொட்டியின் ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தியது. இரண்டாவது எலியும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வடக்குச் சுவரில் நான் ஒட்டியிருந்த கறுப்பு முக்கோணத்தைக் காணோம். கிழக்கே இருந்த கோடு போட்ட அட்டையும் இல்லை. வார இறுதியில் வந்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வாட்டர் மேஸ் என்ற இந்த இட நினைவுச் சோதனையைச் செய்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் கொண்டுவந்த முறை இது. தண்ணீரைக் கலங்கலாக்கி, மேடையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே மறைத்துவிடுகிறோம். மேடை கண்ணுக்குத் தெரியாது. எலிக்கு இருக்கும் ஒரே வழி, சுவரில் உள்ளவற்றை வைத்து இடத்தைக் கணிப்பது. மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இதற்கென்றே நரம்பு செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் காட்டினார். அதற்காக 2014இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. எலி ஓர் இடத்துக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், வேறிடத்துக்குப் போனால் வேறொன்று. சுவரில் உள்ள அடையாள அட்டையைத் திருப்பி வைத்தால் அந்தச் செல்கள் துடிக்கும் இடமும் அதோடு சேர்ந்து திரும்பும். அப்படியிருக்க, மொத்த அடையாளத்தையும் உரித்துவிட்டால்?

அன்று நான் தொடங்க இருந்தது நினைவு அணைதல் சோதனை. மேடையை எடுத்துவிட்டு, எலி எத்தனை நாளில் தேடுவதை விடுகிறது என்று பார்க்க வேண்டும். எலி தேடவில்லை என்றால், நினைவு அணைந்ததா, அல்லது அறையே அதற்கு அடையாளம் தெரியவில்லையா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. எட்டு எலிகளின் உழைப்பு வீண். அவற்றை ஐந்து நாள் தண்ணீரில் நீந்தவிட்டதற்கு என் கையில் ஒரு பதிலும் இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வருகிறவர். "தங்கச்சி, தொட்டிக்கு எழுதிக் கொடுத்தீங்க, சுவருக்கு எழுதிக் கொடுக்கலையே" என்றார். உண்மைதான்.

இனி புதிதாக எட்டு எலிகள் வேண்டும். சிங்கப்பூரில் ஆய்வு விலங்குகளுக்கான தேசிய வழிகாட்டி 2004இலிருந்து இருக்கிறது. ஒவ்வோர் எலிக்கும் எதிக்ஸ் கமிட்டியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அது சரியான விதி, அதில் எனக்குக் குறை இல்லை. குறை கமிட்டிக்கான படிவத்தை வாங்கும் கவுன்டரில் இருந்தவர் மேல்தான். திருத்தப் படிவத்தைப் புரட்டிவிட்டு "முழுமையாக இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். எது இல்லை என்று கேட்டேன். "வழிகாட்டியைப் படியுங்கள்." ஈசூனிலிருந்து பஸ், எம்ஆர்டி ரயில் என்று ஒரு மணி நேரம் போய், அந்த ஒரு வரியோடு திரும்பினேன். விட்டுப்போனது கால்நடை மருத்துவரின் கையெழுத்து என்பது மறுநாள் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. மருத்துவரோ அந்த வாரம் முழுக்க விடுப்பு.

கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும் கமிட்டி ஒரு நல்ல கேள்வி கேட்டது. மேடை இல்லாமல் ஒரு முறை நீந்தவிடுவதாகத்தான் பழைய படிவத்தில் இருந்தது. அணைதலுக்கு நாள்தோறும் பல முறை விட வேண்டுமே, எலி சோர்ந்தால் எப்போது நிறுத்துவீர்கள்? இதே சோதனைக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை முறை, ஒவ்வொன்றும் 60 விநாடியா, தலை தாழ்ந்தால் உடனே தூக்குவது, துண்டால் துடைத்து விளக்கின் கீழ் உலர்த்துவது. அத்தனையும் எழுதிக் கொடுத்த பிறகு அனுமதி வந்தது. மூன்று வாரம் போயிருந்தது.

அப்புறம் தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது. அதில் விட்டால் எலி தேடாமல் மிதந்துகொண்டிருக்கும். ஐஸ் போட்டு 22 டிகிரிக்கு இறக்கிய பிறகே ஒழுங்காக நீந்தின. பால்மாவு கலப்பதாக இருந்தால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இந்த வெக்கைக்கு நாறிவிடும். சுவரை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். "இந்த அறையில் எதையும் தொடாதீர்கள்" என்று கதவில் ஒட்டுவதோடு விடாமல், கட்டடப் பராமரிப்புக்கும் எழுத்தில் கொடுங்கள்.

இரண்டாவது முறை பயிற்சி சிக்கலில்லாமல் முடிந்தது. மேடையை எடுத்த முதல் நாள் எலிகள் அந்த இடத்துக்கு மேலேயே குறுக்கும் நெடுக்கும் நீந்தின. நான்காம் நாள் திரையில் நீச்சல் கோடுகள் தொட்டி முழுக்கச் சமமாகப் பரவியிருந்தன. தொட்டியை நான்காகப் பிரித்தால் மேடை இருந்த கால்வட்டத்தில் எலிகள் இருந்த நேரம் ஏறக்குறைய 25 சதவீதம், அதாவது தற்செயலாக வரக்கூடிய அளவுதான்.

ஒரு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி விட்டேன். முதல் எலி ஓரத்தை விட்டு விலகி, கறுப்பு முக்கோணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் பழைய இடத்துக்குப் போய் அங்கேயே வட்டமடித்தது. அணைந்த நினைவு அழிவதில்லை, அதன் மேல் இன்னொரு கற்றல் உட்கார்கிறது என்று பாவ்லோவ் காலத்திலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அண்ணன் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மறக்கவே இல்லையே இது" என்றார்.

எந்த நரம்பு செல்கள் வேலை செய்தன என்பதைக் காட்டிக்கொடுக்கும் சி-ஃபாஸ் புரதம் மூளையில் உச்சத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு எலியைத் துண்டில் சுற்றினேன்.