ஓரமாகப் போகச் சொல்கிறார்கள்

நவம்பர் 3, 2025, திங்கள்

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இன்று சைக்கிளில் வேலைக்குச் சென்றேன். ஸ்கூட்டரைக் கல்லூரிக்குச் செல்லும் மகளிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு வண்டி வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாடிப்படியின் அடியில் துருவேறிக் கிடந்த அப்பாவின் சைக்கிள் கண்ணில் பட்டது. அப்பா பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை பார்த்தவர். நள்ளிரவில் ஷிப்டு முடிந்ததும் டயனமோ விளக்குகளின் வெளிச்சத்தோடு சைக்கிள்கள் கூட்டமாக மில் வாசலை விட்டு வெளியேறுவதைச் சிறு வயதில் நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் சாலை அவர்களுடையதாக இருந்தது. லாரி வந்தால் லாரிதான் வேகத்தைக் குறைக்கும்.

கடையில் கொடுத்து ஓவராயில் செய்து, டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதிதாகப் போட்டேன். கோவையில் சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் சாலை வழியாக ஹோப் காலேஜ், அங்கிருந்து அவிநாசி சாலையில் பீளமேடு, நவ இந்தியா கடந்து லட்சுமி மில் அருகே எங்கள் பம்ப் பட்டறை. எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இந்தத் தூரத்திற்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. வழியில் மூன்று பேர் என்னை ஓரமாகப் போகச் சொன்னார்கள். மூன்று முறையும் நான் ஓரத்தில்தான் இருந்தேன்.

நவம்பர் 5, புதன்

ஓரம் என்று எல்லோரும் சொல்லும் அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று இன்று கவனித்துக்கொண்டே ஓட்டினேன். சாலையில் ஓடும் வாகனங்கள் ஒதுக்கித் தள்ளும் மணலும் கண்ணாடித் துண்டுகளும் அங்கேதான் சேர்கின்றன. சாக்கடை மூடிகள் அங்கேதான் இருக்கின்றன, சாலையை விட ஓர் அங்குலம் உயர்ந்தோ தாழ்ந்தோ. நிறுத்திய கார்கள், இளநீர் வண்டி, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், கடைக்கு முன்னால் இறக்கிவைத்த மூட்டைகள் என்று ஒவ்வொரு நூறு அடிக்கும் அந்த ஓரம் முடிந்துபோகிறது. முடியும் இடத்தில் சைக்கிள்காரர் வலப்பக்கம் ஒதுங்கியாக வேண்டும். பின்னால் வருபவருக்கோ, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர் காரணமில்லாமல் குறுக்கே வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

போதாக்குறைக்கு, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள். 2023 முதல் கோவையின் பல சந்திப்புகளில் சிக்னலை நீக்கிவிட்டுச் சற்றுத் தள்ளி 'யூ டர்ன்' அமைத்தார்கள். காரில் போகிறவருக்கு அதனால் காத்திருப்பு குறைந்திருக்கலாம். ஆனால் ஐம்பது மீட்டர் பின்னால் இருக்கும் கடைக்குப் போக அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால், பலர் சுற்றுவதில்லை; ஓரத்தைப் பிடித்துத் தவறான திசையில் வந்துவிடுகிறார்கள். அவர்கள் என்னை நேருக்கு நேர் பார்த்ததும் நான்தான் சாலைக்குள் விலக வேண்டியிருக்கிறது.

காமராஜர் சாலையில் ஒரு திருப்பத்தில் சாக்கடை மூடி பாதி உடைந்திருக்கிறது. சைக்கிள் சக்கரம் முழுதாக உள்ளே போகும் அளவுக்குச் சந்து. யாரோ அதில் ஒரு வேப்பங்கிளையைச் செருகி, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். உரிய இடத்தில் இன்று புகார் பதிவு செய்தேன்.

நவம்பர் 10, திங்கள்

டவுன் பஸ்ஸும் நானும் பீளமேட்டிலிருந்து நவ இந்தியா வரை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டே போகிறோம். நிறுத்தங்களுக்கு இடையே அது என்னை முந்துகிறது. முந்திய கையோடு இடப்பக்கம் வளைந்து நிற்கிறது. அது ஆள் ஏற்றும் நேரத்தில் நான் கடந்துவிடுகிறேன். ஒரு முறை நான் கடப்பதற்குள் அது நகரத் தொடங்க, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்திற்கும் நடைபாதை விளிம்பிற்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான் எனக்கு மிஞ்சியது.

எங்கள் வீதியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாலையில் அவரிடம் சொன்னபோது கோபப்படாமல் கேட்டுவிட்டு, "கண்ணாடியில என்ற மூஞ்சி உங்களுக்குத் தெரியலீன்னா, நீங்களும் எனக்குத் தெரியமாட்டீங்க" என்றார். இருக்கையில் உட்கார்ந்த ஓட்டுநருக்கு முன்சக்கரத்தின் இடப்பக்கம் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகிறதாம். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, இன்னும் உள்ளே வெட்டி வருகிறது என்பதையும் தீப்பெட்டி ஒன்றை மேசை மேல் நகர்த்திக் காட்டினார். நான் ஓரம் ஓரம் என்று நுழைந்துகொண்டிருந்தது சரியாக அந்த இடத்தில்தான். இனிமேல் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் போவதில்லை. பின்னால் நின்று, அது கிளம்பிய பிறகுதான் கிளம்புவது.

நவம்பர் 14, வெள்ளி

விழுந்துவிட்டேன். நிறுத்தியிருந்த கார் வரிசையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஒன்று திறந்தது. பிரேக் பிடிக்க நேரமே இல்லை. முழங்காலில் தோல் உரிந்தது, முன்சக்கரம் வளைந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்றவர்களைத் தடுத்திராவிட்டால் இன்று இதை எழுதியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். காரிலிருந்து இறங்கிய இளைஞர் கை நடுங்க என்னைத் தூக்கிவிட்டு, "பார்க்கவே இல்லீங்கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஓர் எளிய பழக்கம் உண்டு. நெதர்லாந்தில் கார்க் கதவை அதற்கு அருகிலுள்ள கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறக்கப் பழக்குகிறார்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் அவர் இடக்கையால் கதவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகவே திரும்பி, தோளுக்குப் பின்னால் வருபவர் கண்ணில் பட்டுவிடுவார். பிரிட்டனின் சாலை விதி நூலில் 2022இல் இதைச் சேர்த்தார்கள்; சைக்கிளை முந்துகிறவர் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்ற அறிவுரையும் அப்போதுதான் அதில் ஏறியது. இன்று இரவு மகளுக்கும் மனைவிக்கும் மைத்துனரின் காரில் உட்காரவைத்து இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு: திறந்த கதவு ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே வரும் என்றால், நிறுத்திய கார்களிலிருந்து அதற்கும் மேல் தள்ளித்தான் நான் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் அது ஓரம் அல்ல.

நவம்பர் 15, சனி

சைக்கிள் கடையில் அரை நாள் இருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய கடைக்காரர் சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழற்றி, கோட்டம் எடுத்தார். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40; ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, ஓசையைக் கேட்டுக் கேட்டு முடுக்கினார். யாரெல்லாம் இப்போது வருகிறார்கள் என்று கேட்டேன். அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி வைத்திருக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், காவலாளிகள், பால்காரர் ஒருவர். எல்லோரையும் விட அதிகமாக, பவுண்டரிகளிலும் மில்களிலும் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். "மோட்டார் வண்டி வாங்க முடியாதவங்கதானுங் தம்பி வர்றாங்க" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. நான் விரும்பி ஏறியிருக்கிறேன். நாளைக்கே இறங்கிவிடவும் முடியும். இரவு பத்து மணிக்கு ஷிப்டு முடிந்து, விளக்கில்லாத சைக்கிளில், மொழி தெரியாத ஊரின் சாலை ஓரத்தில் போகிற இளைஞனுக்கு அந்த வசதி இல்லை. போன ஆண்டு கடைக்காரருடைய வாடிக்கையாளர் ஒருவரை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். கால் முறிந்து ஊருக்குத் திரும்பியவர் பிறகு வரவில்லை. அடித்த வண்டி எது என்று தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம் என்பதை அந்தப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. கடைக்காரரின் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தி தெரிந்த ஒருவர் எங்கள் பட்டறையில் இருக்கிறார்.

நவம்பர் 24, திங்கள்

மழை. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை சட்டென்று பிடிப்பதில்லை. முதல் இரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடுகிறது. குழி எது, வெறும் தண்ணீர் எது என்று தெரியாததால் தேங்கிய இடங்களில் எல்லாம் இறங்கித் தள்ளினேன். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வீடுகளின் வாசலில் அகல் வரிசைகள் எரிந்துகொண்டிருக்க, ஆறரை மணி இருட்டில் திரும்பி வந்தேன். பின்னால் கட்டிய சிவப்பு விளக்கு வேலை செய்கிறது. முந்துகிறவர்கள் முன்னைவிட அதிகமாக விலகிப் போவதாகத் தோன்றுகிறது.

மாலைப் பயணத்தில் கடினமான இடம் ஹோப் காலேஜ்தான். காலையில் காமராஜர் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் போதும். மாலையிலோ இடது ஓரத்திலிருந்து சாலையின் நடுப்பகுதிக்கு வந்து வலப்பக்கம் போக வேண்டும். என் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். பின்னால் வரும் கார் 50இல் வந்தால், ஐம்பது மீட்டர் தள்ளித் தெரியும் அந்தக் கார் ஐந்து நொடியில் என்னைத் தொட்டுவிடும். அந்த ஐந்து நொடியில் நான் திரும்பிப் பார்த்து, கை நீட்டி, இரண்டு வரிசைகளைக் கடக்க வேண்டும். அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்தால் கீழே கூட்டம் குறைந்திருப்பது உண்மை. குறைந்த கூட்டத்தில் வேகம் கூடியிருப்பதும் உண்மை. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை எட்டாண்டுகள் மோட்டார் சோதனை மேசையில் நின்ற எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இறங்கி, நடந்து கடப்பவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு போகிறேன். ஏழு நிமிடம் கூடுதலாகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

காமராஜர் சாலையில் குறுகலான இடத்தில் இப்போது நான் ஓரத்தை விட்டு, தடத்தின் நடுவில் ஓட்டுகிறேன். அங்கே ஒரு காரும் ஒரு சைக்கிளும் அருகருகே போக இடமில்லை. ஓரத்தில் போனால் இடம் இருப்பதாக நினைத்துக் கார் உரசிக்கொண்டு நுழைகிறது. நடுவில் போனால் பின்னால் காத்திருக்கிறது. அதிகம் போனால் இருபது நொடி. அகலமான இடம் வந்ததும் நானே விலகி, கையசைத்து வழிவிடுகிறேன்.

இன்று ஒருவர் கண்ணாடியை இறக்கி, "யோவ், ஓரமாப் போடா" என்றார். அவர் வண்டியின் பதிவெண் இந்த ஊருடையதுதான். தெரியாத குழந்தையைக்கூட 'ங்க' போட்டு அழைக்கும் ஊர் இது. கடையில், கோயிலில், ஆசுபத்திரி வரிசையில் அந்த மனிதர் என்னைப் பார்த்திருந்தால் "சித்தெ இக்கட்ட வாங்க" (கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க) என்றுதான் சொல்லியிருப்பார். கண்ணாடிக்குள் உட்கார்ந்ததும் அந்த மரியாதை எங்கே போகிறது என்று வெகுநேரம் யோசித்தேன். எதிரே இருப்பது ஆள் என்பது அவருக்குத் தெரியவில்லை. வழியில் ஒரு பொருள் நிற்பதாகத் தெரிகிறது. ஸ்கூட்டர் ஓட்டிய இருபத்திரண்டு ஆண்டுகளில் சைக்கிளில் போன எத்தனை பேர் முதுகில் நான் ஹாரன் அடித்திருப்பேன் என்பதும் நினைவுக்கு வந்தது. அவர்களில் ஒருவரின் முகமும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். போன வாரம் அவசரத்தில் அறுபது மீட்டர் தூரம் நானும் எதிர்த்திசையில் ஓட்டினேன். சைக்கிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் விதியும் இல்லை என்று ஆகிவிடாது. எதிரே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை சைக்கிளில் வந்தாள். எனக்கு வழிவிட்டு அவள் சாலைக்குள் விலகினாள். அவளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. லாரி நின்றது. இனி ஒருபோதும் அப்படிச் செய்யமாட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி முதல் நாள். ஆறு மணிக்குக் கிளம்பியதால் பனியும் கோலமுமாக வீதிகள் அழகாக இருந்தன. நவ இந்தியா அருகே நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் நின்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, கிளம்புவதற்கு முன் கையை வெளியே நீட்டி, பொறுக்கும்படி சைகை காட்டினார். நான் தலையசைத்தேன்.

காமராஜர் சாலைத் திருப்பத்தில் அந்த மூடி இன்னும் உடைந்தபடியே இருக்கிறது. இரண்டாம் முறை புகார் கொடுத்து ஒன்பது நாட்களாகின்றன. வேப்பங்கிளை காய்ந்து இலையெல்லாம் உதிர்ந்து, துணியும் மழையில் வெளுத்துப்போய், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாத நிலையில் இருந்தது. மாலையில் திரும்பும்போது பட்டறையிலிருந்து மூன்றடிக் குழாய்த் துண்டு ஒன்றும் சிவப்புத் துணியும் எடுத்து வந்து நட்டேன். நான் கட்டிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த வடநாட்டுப் பையன் ஒருவன் இறங்கி, ஒன்றும் பேசாமல் குழாயைப் பிடித்துக்கொண்டான். நாளை வரும்போது அதில் ஒட்ட ஒளிரும் பட்டை கொண்டுவர வேண்டும்.