நோயாளியோடு நிற்பவருக்கு முதலில் நித்திரை

யாழ்ப்பாணம் தெல்லிப்பழை புற்றுநோய் கிளினிக்குக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு அலைபவரிடம் எல்லோரும் சொல்வது, "மனதைத் தைரியமாக வைத்திரு." அன்போடு சொல்வதுதான். ஆனால் இரவிரவாக முழித்திருப்பவருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? முதலில் நித்திரைக்கு வழி பார்க்க வேண்டும்.

கடும் நோவுக்குக் கொடுக்கும் சாதாரண மோர்பின் குளிசை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். இரவு 10 மணிக்குக் கொடுத்தால் 2 மணிக்குத் திரும்ப எழும்ப வேண்டும். படுக்கைநேர அளவைக் கூட்டியோ, 12 மணித்தியாலக் குளிசைக்கு மாற்றியோ அந்த நடுச்சாம மருந்தைத் தவிர்க்க வைத்தியரால் முடியும். வாய்விட்டுக் கேளுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். 12 மணித்தியாலக் குளிசையை இடித்துக் கரைக்கவே கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் கேளுங்கள். மலச்சிக்கல் முற்றி வயிறு ஊதிச் சத்தி தொடங்கினால் இரண்டு பேருக்கும் இரவு போச்சு.

கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றி 7 தொடக்கம் 14 நாள் வரை, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைவு. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. பனடோல் கொடுத்து விடியுமட்டும் பார்ப்போம் என்று இருப்பது உயிராபத்து: காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது. கிளினிக் கொப்பி, மருந்துகள், மாற்றுடுப்பு எல்லாம் ஒரு பையில் ஆயத்தமாக இருக்கட்டும். தெரிந்த ஓட்டோக்காரரின் இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்தவர் நடுச்சாமத்தில் தனியே நின்று தடுமாறத் தேவையில்லை.

ஆள் மாறி நிற்க ஒரு கொப்பி போதும். "இரவு 10: மோர்பின். 10.40: அரைக் கோப்பை கஞ்சி. மலம் போய் இரண்டு நாள். காய்ச்சல் 37.2." இப்படி எழுதியிருந்தால் மச்சாளோ பக்கத்து வீட்டு அக்காவோ பயமில்லாமல் பொறுப்பெடுப்பார். "ஏதும் உதவி வேணுமோ?" என்று கேட்பவருக்கு எங்கள் பழக்கத்தில் "ஒண்டும் வேண்டாம்" என்றுதான் வாய் வரும். அதை விடுங்கள். "செவ்வாய் இரவு வந்து படுங்கோ அக்கா, நான் விடிய அஞ்சு மட்டும் நித்திரை கொள்ள வேணும்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் போன் எடுத்து ஒரே கதையைக் கேட்பதும் ஆளை உருக்கும். கோடையில் ரொறன்ரோவில் பின்னேரம் 6 மணி என்றால் இங்கே விடியப்புறம் 3.30. நாளுக்கு ஒரு குரல்பதிவைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, இரவில் போனை நிறுத்தி வையுங்கள். அங்கே உள்ளவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, கிழமைக்கு இரண்டு இரவாவது சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துத் தருவது.

ஆள் மாறியும் நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மருந்து நேரம் பிசகுகிறது, செத்தால் நல்லது என்று நினைப்பு வருகிறது என்றால் அது மருத்துவம் தேவைப்படும் நிலை. அடுத்த கிளினிக்கில் உங்களைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சாகும் நினைப்பு வந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.