சான்றிதழ் மேசையிலிருந்து: மார்ச் மாதக் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

தாதியர் வெற்றிடங்களுக்கு வந்த விண்ணப்பங்களை இன்று பிரித்து அடுக்கினேன். மட்டக்களப்பிலுள்ள எங்கள் சிறிய தனியார் வைத்தியசாலைக்கு ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எனப் பல இடங்களிலிருந்தும் கோவைகள் வந்திருக்கின்றன. நோன்பு காலம் என்பதால் நேர்முகத் தேர்வை முற்பகலிலேயே வைத்துவிடும்படி தலைமைத் தாதியான மேற்றன் சொன்னார்.

ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலும் சமாதான நீதவானின் இறப்பர் முத்திரை இருக்கிறது. அதைக் கண்டதும் மேற்கொண்டு பாராமல் ‘சரி’ போட்டுவிடுவது நம் அலுவலகங்களின் பழக்கம். தம்மிடம் காட்டப்பட்ட மூலத்துக்கும் இந்தப் பிரதிக்கும் வேறுபாடு இல்லை என்பதை மட்டுமே அவர் உறுதிப்படுத்துகிறார். மூலம் எங்கே அச்சடிக்கப்பட்டது என்று ஆராய்வது அவருடைய வேலை அல்ல.

மார்ச் 5, புதன்

காலை முழுவதும் ஒரே சான்றிதழுடன் கழிந்தது. விண்ணப்பதாரி 2014இல் தாதியர் பயிற்சியை முடித்ததாகச் சொல்லும் தடித்த தாள். இலச்சினை, அழுத்து முத்திரை, நீல மைக் கையொப்பம் எதிலும் குறை சொல்ல முடியாது. பெயருக்குக் கீழே தேசிய அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டு எண்களில் இருந்ததைக் கவனித்தபோதுதான் கை நின்றது. பன்னிரண்டு எண் முறை 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு எல்லோருக்கும் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும்தான். 2014இல் கையொப்பமிட்டவர் இன்னும் பிறக்காத இலக்கத்தை எப்படி எழுதினார்? பின்னாளில் பெற்ற மறுபிரதியாக இருக்கலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படியொரு குறிப்பு எங்கும் இல்லை.

இருந்தாலும் தாளை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைத் தாதியர் பேரவைக்குப் பதிவிலக்கத்தையும், பயிற்சி அளித்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்துக்குச் சான்றிதழின் பிரதியையும் அனுப்பினேன். முகவரிகளை நானே தேடி எடுத்தேன். விண்ணப்பத்தில் தரப்பட்ட தொலைபேசியை அழைத்தால் யார் எடுப்பார் என்பதை விண்ணப்பதாரியே ஏற்பாடு செய்திருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

நேர்முகத் தேர்வு நடந்தது. பதில் இன்னும் வராததால் அவரையும் அழைத்திருந்தோம். மேற்றன் கடினமாகவே கேட்டார். பொட்டாசியம் குளோரைட்டை ஏன் நேரடியாக நாளத்தில் செலுத்தக் கூடாது, இன்சுலின் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை அலகு என்ற கேள்விகளுக்கெல்லாம் அவர் தடுமாறாமல் பதில் சொன்னார். வந்தவர்களில் திறமான ஆள் இவர்தான் என்று மேற்றன் என் காதில் சொன்னபோது எனக்கு மறுமொழி வரவில்லை.

இரவு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று தாதியர் பாடசாலைகள் சுமார் 7,600 போலிப் பட்டயங்களை விற்றதாக 2023 ஜனவரியில் வழக்கு வந்தது. அவற்றை வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் தேசிய உரிமப் பரீட்சையிலும் சித்தியடைந்திருந்தார்கள். ஆகவே கேள்விக்குப் பதில் தெரிவது ஒன்று, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளிடம் பயின்றிருப்பது வேறொன்று. அரை மணி நேர நேர்முகத்தில் முதலாவதை மட்டுமே அளக்க முடியும்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று போயா விடுமுறை. இன்று இரண்டு பதில்களும் ஒன்றாக வந்தன. அந்தப் பதிவிலக்கம் வேறொருவருடையது. அந்த ஆண்டில் இந்தப் பெயரில் எவரும் அந்தப் பயிற்சி நிறுவனத்தில் பயிலவில்லை.

அவரை அழைத்து இரண்டு கடிதங்களையும் காட்டினேன். மறுக்கவில்லை. “சேர், பொலிசுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க, ரெண்டு பிள்ளை இருக்கு” என்றார். பல ஆண்டுகள் விடுதிகளில் உதவியாளராக வேலை செய்து, பார்த்துப் பார்த்துப் பழகியவராம். இரக்கம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகுதான், அவருக்கு நல்ல சேவைச் சான்று கொடுத்திருந்த முந்தைய தனியார் வைத்தியசாலையுடன் பேசினேன். அங்குள்ள அலுவலர் சற்றுத் தயங்கிவிட்டு, “எங்களுக்கும் போன வருஷம் தெரிய வந்தது, பிரச்சினை வேண்டாமெண்டு கடிதம் குடுத்து அனுப்பிற்றம்” என்றார். அவருடைய கோவையில் பொய்யாக அச்சடிக்கப்படாத ஒரே தாள் அந்தச் சேவைச் சான்றுதான், எங்களை அதிகம் ஏமாற்றப் பார்த்ததும் அதுதான். விண்ணப்பதாரிமீது வராத கோபம் எனக்கு அந்த வைத்தியசாலைமீது வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஸோலியா அலெமி என்ற பெண்ணின் வழக்கை வாசித்தேன். நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடிக்காதவர், போலிப் பட்டத்துடன் 1995இல் பிரித்தானிய மருத்துவப் பதிவைப் பெற்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மனநல மருத்துவராக வேலை பார்த்தார். ஒரு மூதாட்டியின் மரண சாதனத்தை (உயிலை) போலியாகத் தயாரித்ததற்காக 2018இல் சிறை சென்ற பிறகே, ஒரு பத்திரிகையாளரின் விசாரணையால் பட்டத்தின் பொய்யும் வெளிவந்தது. 2023இல் ஏழு ஆண்டுச் சிறை. பொதுநலவாய நாட்டுப் பட்டதாரிகளுக்கு இருந்த அதே பதிவு வழியில் வந்த சுமார் 3,000 மருத்துவர்களின் ஆவணங்களைப் பிரித்தானிய மருத்துவ சபை மீண்டும் பார்க்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்திடம் நேரடியாக ஒரு கடிதம் கேட்டிருந்தால் 1995இலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

மார்ச் 18, செவ்வாய்

பணிப்பாளரிடம் மூன்று கடிதங்களைக் கொண்டுபோனேன்: தாதியர் பேரவைக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, உண்மையான பதிவிலக்கத்துக்குரிய தாதிக்கு ஒன்று. மூன்றாவது கடிதம் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தமது இலக்கத்தில் இன்னொருவர் ஊசி போடத் திரிவது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

“அவரை நாம் எடுக்கவில்லையே, பிறகேன் தம்பி இந்த அலைச்சல்?” என்று ஐயா கேட்டார். முந்தைய இடத்திலும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றேன். பேரவைக்கான கடிதத்திலும் தாதிக்கான கடிதத்திலும் கையொப்பமிட்டார். தாதிக்கு எழுதியதைப் பேரவை ஊடாகவே சேர்ப்பிக்கச் சொன்னார். இரண்டும் பிற்பகல் பதிவுத் தபாலில் போயின. பொலிஸ் முறைப்பாட்டை ஏப்ரல் முகாமைத்துவக் கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் அதை முதலாவதாகச் சேர்த்து, முந்தைய வைத்தியசாலை கொடுத்த சேவைச் சான்றின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.