தடைக்கால அடுப்படி: வடகம், கருவாடு, கூழ்

சமைக்க உகந்த பருவம் எது என்று கேட்டால் பலரும் மார்கழி, தை என்பார்கள். காய் மலிவு, அடுப்பு முன்னால் நின்றாலும் வியர்க்காது, எல்லாம் சரிதான். ஆனால் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று வடசென்னை வீடுகளுக்கு என் ஓட்டு சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும்தான். வெயில் மண்டையைப் பிளக்கும், வஞ்சிரம் விலையைக் கேட்டாலே திரும்பி நடக்கத் தோன்றும். இருந்தும் வருஷம் முழுக்க நம் குழம்புக்கு வாசனை கொடுக்கிற சரக்கு இந்த மாதங்களில்தான் தயாராகிறது.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள்தான் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் கரையோரம் போய் வருவதால் நெத்திலி, கவளை, காரப்பொடி மாதிரி சின்ன மீன் கிடைத்துக்கொண்டே இருக்கும். பெரிய மீன் வேண்டுமென்றால் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவதுதான். அந்தக் கரையிலும் ஜூனில் தடை ஆரம்பித்துவிடும் என்பதால் ஜூன் இரண்டாம் வாரம் மீன் வாங்க ரொம்பவே மோசமான வாரம். கண் குழிந்து, செவுள் பழுப்பேறிய மீனைக் குழம்பில் போட்டுக் கெடுப்பதைவிட அந்தக் காசுக்கு நல்ல கருவாடு வாங்கலாம்.

முதலில் வடகம். குழம்பு தாளிக்க, வெங்காயத்தையும் கடுகு, உளுந்தையும் உருட்டிக் காயவைத்து எடுப்பதுதான் தாளிப்பு வடகம். அதைப் போட அக்னி நட்சத்திர வெயில்தான் சரி. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 200 கிராம், உடைத்த கறுப்பு உளுந்து 150, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, கல்லுப்பு 75 கிராம், மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன், பெருங்காயத்தூள் இரண்டு டீஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கடைசியில் சேர்க்க விளக்கெண்ணெய் 50 மில்லி. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில்தான் ஆகவேண்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஒரு சுற்றுதான். விழுதாகிவிட்டால் கசப்பு ஏறும், உருண்டையும் நிற்காது. பெரிய வெங்காயம் வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம்.

உளுந்தைத் தனியாக ஊறவைப்பவர்கள் உண்டு. எனக்கு அது வீண் வேலை, வெங்காயச் சாறே ஊறவைத்துவிடும். எண்ணெய் தவிர எல்லாவற்றையும் பிசைந்து, இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் எலுமிச்சை அளவு உருட்டி, சாறு சொட்டப் பிழிந்து வெயிலில் வைக்க வேண்டும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். சாயங்காலம் உருண்டைகளை அந்தச் சாற்றிலேயே உதிர்த்துப் போட்டுப் பிசைந்து வைத்து, மறுநாள் காலை திரும்ப உருட்டிக் காயவைக்க வேண்டும். இப்படி மூன்று நாள், சாறு முழுக்க உள்ளே இழுக்கிற வரைக்கும். நாலாம் நாள் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, இறுக்கி உருட்டி, எட்டிலிருந்து பத்து நாள் வெயில் காட்டினால் கல் மாதிரி ஆகிவிடும்.

உதிர்த்து உருட்டுவதில் சோம்பல்பட்டு ஒரேயடியாகக் காயவைத்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பத்து நாள் கழித்துப் பிட்டுப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் பூஞ்சணம். உப்பு குறைந்தாலும் இதே கதிதான். நம் ஏரியாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடுகிற கன்டெய்னர் லாரிகளின் தூசி மொட்டை மாடி வரைக்கும் ஏறும். பழைய மெல்லிய வேட்டியால் மூடி, நாலு மூலையிலும் கல் வையுங்கள். கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும், அதனால் நாலு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

அடுத்து கருவாடு. வாங்கும்போது விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. மேலே இளஞ்சிவப்புப் பூச்சு இருந்தால் வாங்காதீர்கள், அது உப்பிலேயே வளர்கிற ஒருவகைக் கிருமியின் வேலை. நெத்திலி பெரும்பாலும் உப்பில்லாமலே வெயிலில் காய்வது. சுறா, வாளை, வஞ்சிரமெல்லாம் உப்பில் ஊறிக் காய்ந்தவை. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் உப்புப் போட்டால் குழம்பு வாயில் வைக்க முடியாது. நெத்திலிக்குத் தலையைக் கிள்ளி, பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, மூன்று நாலு தண்ணீர் அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் கருவாட்டைக் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மணலும் கூடவே வரும்.

நூறு கிராம் நெத்திலிக் கருவாட்டுக்கு மண்சட்டியில் நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அரை உருண்டை வடகத்தை உதிர்த்து, எண்ணெய் மிதமாகச் சுட்டதுமே போட்டு, தீயைக் குறைத்துப் பொரியவிடுங்கள். புகைகிற எண்ணெயில் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் வெந்தயம் கருகும், அந்தக் கசப்பு கடைசி வரைக்கும் போகாது. பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதங்கியதும் இரண்டு மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள், எலுமிச்சை அளவு புளியின் கரைசல். நாலு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிகிற வரைக்கும் கொதிக்கட்டும். கருவாடு கடைசி ஏழெட்டு நிமிடம்தான். போட்ட பிறகு கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று, இல்லையென்றால் முள்ளும் சதையும் பிரிந்து குழம்பே களிம்பாகிவிடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். மாங்காய் சீசனில் புளியைப் பாதியாக்கி, கருவாட்டோடு நாலு துண்டு புளிப்பு மாங்காயும் போட்டால், அதற்கு மேல் எனக்கு வேறு குழம்பு வேண்டாம்.

ஆடி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டில் ஐந்தாறு பேருக்குச் செய்ய 250 கிராம் கேழ்வரகு மாவை அரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, தட்டால் லேசாக மூடி, எட்டிலிருந்து பத்து மணி நேரம் புளிக்க வையுங்கள். வெயில் நாளில் அதற்கு மேல் விட்டால் புளிப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். நூறு கிராம் நொய்யை ஒரு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து, தீயைச் சிறிதாக்கி, புளித்த கரைசலை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கிண்ட வேண்டும். உலர்ந்த மாவை நேராகக் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து உறை மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். அந்தக் கட்டியை எந்த மத்தாலும் கரைக்க முடியாது. பதினைந்து நிமிடம் கிண்டி, ஈரக்கையால் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் வெந்துவிட்டது.

இந்தக் களி ஆறியதும் மூடி வைத்து, காலையில் ஒரு கரண்டிக் களிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கையால் கரையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும். மோரைக் குடிக்கிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், சூடான கூழில் ஊற்றினால் திரிந்துவிடும். பக்கத்தில் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், பொரித்த மோர் மிளகாய். கேழ்வரகோடு கம்பும் கலப்பதாக இருந்தால் மாவை அன்றைக்கே அரைத்து வாங்குங்கள், கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகும்.

மழைக்காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் படகு போகாது, இட்லி மாவு பொங்க மறுக்கும், மிளகு தூக்கலாக ஒரு நண்டு ரசம் வைத்தால் நாள் ஓடிவிடும். தை மாசத்துப் பச்சை மொச்சைக்கு மட்டும் ஒரு சலாம். கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு ஒரு கைப்பிடி மொச்சை விழுந்தால் அதன் ருசியே தனி.

வடகம் அதுவரை கெடாமல் இருக்க, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் புரட்டாசியில் சுள்ளென்று வெயில் அடிக்கிற ஒரு நாள் பார்த்து வெளியே எடுங்கள். ஒரு உருண்டையைப் பிட்டு நடுவில் மோந்து பாருங்கள். வெங்காய வாசனை வந்தால் மீதியை அன்று முழுக்கக் காயவைத்து, சூடு ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போடலாம். சூட்டோடு மூடினால் பாட்டில் உள்ளே வியர்த்துவிடும். ஊசல் வாடை வந்தால் அந்த உருண்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதையும் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.