குத்ஷானிஸ்: மார் ஷலீத்தா கோயிலைத் தேடிப் போகிறவர்களுக்கு

துருக்கியின் தென்கிழக்கு மூலையில் ஹக்காரி. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மலைக்குள் போனால் கொனாக் என்ற குர்து ஊர். இந்தப் பக்கத்தில் வாழ்ந்த பழைய கிறிஸ்தவ மக்களான அசீரியர்களுக்கு அது குத்ஷானிஸ். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1915 வரை அவர்களுடைய கிழக்குத் திருச்சபையின் தலைவர்களான முதுபெரும் தந்தையர் வாழ்ந்த இடம். அவர்களுடைய கிறிஸ்தவக் கோயில்தான் மார் ஷலீத்தா.

ஜூனுக்கு முன்னும் செப்டம்பருக்குப் பின்னும் போக நினைக்காதீர்கள். பனி வழியை அடைத்துவிடும். கோடையிலும் இந்த மலைகளைத் திடீரென்று பாதுகாப்பு வலயமாக அறிவித்துவிடுவார்கள். ஹக்காரியிலேயே விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு காலையிலேயே கிளம்புங்கள்.

கோபுரமோ சிலையோ தேடினால் ஏமாற்றம்தான். வெளியிலிருந்து பார்த்தால் கோயில் ஒரு கல் களஞ்சியம் போலிருக்கும். ஹக்காரிக் கோயில்களில் வாசல் மிகத் தாழ்வு: உள்ளே வருபவர் தலை குனியவும் வேண்டும், கொள்ளையரும் மாடும் நுழையவும் கூடாது. படங்கள் அன்றும் இல்லை, வெறும் சிலுவைதான். கிழக்கே கனத்த சுவர், அதற்கப்பால் பலிபீட அறை. டார்ச் அவசியம். இந்தப் பக்கத்துப் பாழடைந்த கோயில்களில் புதையல் தேடித் தரையைத் தோண்டிப் போட்டிருப்பார்கள்; காலைப் பார்த்து வையுங்கள்.

அந்தக் காலத்தில் முதுபெரும் தந்தைப் பட்டம் மாமன், சிற்றப்பன் வழியில் மருமகனுக்கோ அண்ணன் தம்பி மகனுக்கோ போனது. அந்தப் பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே தாய் இறைச்சியை விட்டுவிடுவாள். பிள்ளையும் ஆயுளுக்கும் தொடமாட்டான். நம் ஊர் விரதக்காரர்களுக்கே இது கொஞ்சம் அதிகம்தான்.

இந்தச் சபையின் உயிர்நாடி 'மல்கா' என்ற புனிதப் புளிப்பு உறை. பெரிய வியாழனன்று கோதுமை மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, ஆலிவ் எண்ணெய், சில துளி நீர் சேர்த்து இடித்துப் பழைய மல்காவோடு கலப்பார்கள். ஒவ்வொரு நற்கருணை அப்பத்திலும் இதில் ஒரு சிட்டிகை சேரவேண்டும். தீர்ந்துபோனால் புதிதாக உண்டாக்க முடியாது. உறைமோர் மாதிரி, இன்னொரு கோயிலிலிருந்துதான் வாங்கவேண்டும்.

1915-இல் ஒட்டோமான் படையும் குர்துக் குழுக்களும் ஹக்காரிக்குள் இறங்கின. அசீரிய மக்கள் ஈரானிலுள்ள உர்மியாவுக்கு ஓடினார்கள். முதுபெரும் தந்தை மார் பென்யாமின், 1918 மார்ச்சில் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் குர்துத் தலைவர் சிம்கோவின் ஆட்களால் சுடப்பட்டார். குத்ஷானிஸுக்கு அசீரியர்கள் திரும்பவில்லை. 1990-களின் மோதலில் இந்த மலையின் பல குர்து ஊர்களும் காலியாயின.

அந்த பென்யாமின் 1907-இல் அபிமலேக் திமோத்தேயுஸை ஆயராகத் திருநிலைப்படுத்தினார். மறு ஆண்டே திமோத்தேயுஸ் திருச்சூர் வந்து சேர்ந்தார். அங்கே அந்தச் சபை இன்றும் இருக்கிறது; மல்காவும்.