சிங்கப்பூர் ஆறு: மேலிருந்து கீழே நடந்து பாருங்கள்

சிங்கப்பூர் ஆற்றைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் கிளார்க் கீ படகுத்துறையில் படகேறி, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையைப் பார்த்துவிட்டு, முக்கால் மணி நேரத்துக்குள் கரையேறிவிடுகிறார்கள். படகுச் சவாரி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஆற்றின் கதை பாலங்களிலும் படித்துறைகளிலும் இருக்கிறது. நடந்தால்தான் அது கண்ணில் படும். கிம் செங் பாலத்திலிருந்து கழிமுகம் வரை மொத்தமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம், நின்று பார்த்தால் மூன்று மணி நேரம்.

தொடங்க வேண்டியது மேல்முனையில். கிரேட் வோர்ல்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் கிம் செங் பாலம் பக்கத்தில்தான். மாலை நாலரை மணிக்குக் கிளம்பினால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், கழிமுகத்தை எட்டும்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் இருட்டும். படம் எடுப்பதே முக்கிய நோக்கம் என்றால் மட்டும் கணக்கு மாறும். போட் கீ கடைவீடுகள் வடகிழக்கு நோக்கியும் மெர்லயன் கிழக்கு நோக்கியும் நிற்கின்றன. மாலையில் வெளிச்சம் இவற்றின் பின்னால் போய்விடும், படத்தில் முகப்பு இருண்டு தெரியும். படம் எடுப்பவர்கள் காலை எட்டு மணிக்குக் கழிமுகத்தில் தொடங்கி எதிர்த்திசையில் நடப்பது நல்லது.

முதல் ஒரு கிலோமீட்டர், ராபர்ட்சன் கீ, அமைதியான பகுதி. பழைய சரக்குக் கிடங்குகள் இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகளும் உணவகங்களும். அல்காஃப் பாலத்தில் மட்டும் நின்று பாருங்கள்: தோங்காங் என்ற பழைய சரக்குப் படகின் வடிவில் கட்டிய நடைபாலம். 2004இல் பிலிப்பைன்ஸ் ஓவியர் பசிதா அபாத் அதை வண்ண வட்டங்களால் நிறைத்தார்.

அடுத்து கிளார்க் கீ. 1889இல் கட்டிய ரீட் பாலம் இங்கே இருக்கிறது. மாலையில் வேலை முடித்த தியோச்சியூ சீனக் கூலித் தொழிலாளர்கள் இதனருகே கூடிக் கதைசொல்லிகளிடம் கதை கேட்பார்கள். இன்று கூட்டம் சேர்வது மதுக்கூடங்களுக்காக. இங்கே சாப்பிடுவதென்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். நண்டு, மீன் வகைகளுக்கு விலை எடைக்கணக்கில் இருக்கலாம். 100 கிராமுக்கு எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு என்று கேட்டுக்கொண்ட பிறகே ஆர்டர் சொல்லுங்கள். கேட்காததால்தான் பில் வந்ததும் பலர் அதிர்ந்துபோகிறார்கள்.

இங்கிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் பத்து நிமிட நடை. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1859இல் எழுப்பியது. தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடம். நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள், அதற்கேற்பப் போங்கள்.

ஆற்றோரம் திரும்பினால் 927 சன்னல்களுக்கும் பல நிறம் பூசிய கட்டடம் ஒன்று தெரியும். 1934இல் காவல் நிலையமாகக் கட்டப்பட்டது. அதைத் தாண்டி எல்ஜின் பாலம். நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு என்ற சாலைப் பெயர்களுக்குக் காரணமான பாலம் நின்ற இடம் இதுதான். சவுத் பிரிட்ஜ் ரோட்டிலேயே நேராக நடந்தால், 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேரலாம்.

எல்ஜின் பாலத்துக்குப் பிறகு வடகரையிலேயே நடப்பதுதான் என் பரிந்துரை. தென்கரை போட் கீயில் உணவக மேசைகளுக்கு நடுவே, கூப்பிடும் பணியாளர்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். பக்கத்தில் நின்றால் கடைவீடுகளின் வரிசையும் தெரியாது. ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை அருகே நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். தாழ்ந்த ஓட்டுக் கூரைகள், அவற்றுக்குப் பின்னால் வங்கிக் கோபுரங்கள். அந்தக் கரையில்தான் ஒருகாலத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. தொடக்க காலத்தில் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் சூலியாக்கள், அதாவது தென்னிந்திய முஸ்லிம்கள். பின்னால் உள்ள சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன, இன்று இல்லை. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அருகே, நிதித் துறையினரோடு ஒரு செட்டியாரும் இடம்பெறும் வெண்கலச் சிற்பத் தொகுதி இருக்கிறது. தமிழர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அரும்பொருளகம் மாலை ஏழு மணிக்கு மூடும், வெள்ளிக்கிழமை ஒன்பது வரை திறந்திருக்கும். நடையோடு சேர்த்துப் பார்க்க வெள்ளிதான் சரியான நாள். நேரம் குறைவென்றால் ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு வைத்திருக்கும் தாங் கப்பல் கூடத்தை மட்டுமாவது பாருங்கள்.

பிறகு கேவனா பாலம். கிளாஸ்கோவில் செய்த இரும்புப் பாகங்களை இங்கே கொண்டுவந்து 1869இல் பூட்டினார்கள். இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த கடைசிப் பெரிய வேலை இது. பாலம் மிகத் தாழ்வாக அமைந்துவிட்டதால், கடல் ஏறும் நேரத்தில் படகுகள் அடியில் நுழைய முடியாமல் வற்றும்வரை காத்திருந்தன. போக்குவரத்தும் பெருகவே 1910இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் வந்தது, கேவனா நடப்பவர்களுக்கானது. பாலத்து முனையில் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது: மூன்று ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடு குதிரைகளுக்கும் அனுமதி இல்லை.

இன்று அந்த ஏற்றவற்றமே கிடையாது. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ தொடங்கிவைத்த துப்புரவுப் பணி பத்தாண்டு நடந்தது. சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 2008இல் மரினா அணைக்கட்டு, கழிமுகத்துக்கு அப்பால் கடல்நீர் வரும் வழியை அடைத்தபின் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியானது. கனமழைக்குப் பின் தண்ணீர் செம்மண் நிறத்தில் தெரிந்தால் அது அடித்துவரப்பட்ட மண்தான். அதிகாலையில் நீர்நாய்க் குடும்பங்கள் கண்ணில் படலாம். கிட்டே போகவோ தீனி போடவோ வேண்டாம், குட்டி இருந்தால் கடிக்கும்.

படகு ஏறுவதென்றால் நடை முடிந்தபின் ஏறுங்கள், பார்த்ததெல்லாம் நீர்மட்டத்திலிருந்து வேறாகத் தெரியும். திறந்த பின்பகுதி இருக்கைக்கு முந்துங்கள். உள்ளே உட்கார்ந்தால் கூரை பாதிக் காட்சியை மறைத்துவிடும். வார இறுதியில் ஏழு மணிக்கு மேல் வரிசை நீளும். இடி மின்னல் இருந்தால் சவாரி நிற்கலாம், டிசம்பர், ஜனவரியில் குடையோடு போங்கள்.

கேவனாவைக் கடந்தால் 1928இல் அஞ்சல் நிலையமாகக் கட்டிய புல்லர்ட்டன் ஹோட்டல், அதன் எதிரே மெர்லயன். அங்கிருந்து ஜூபிளி பாலத்தைக் கடந்து எஸ்பிளனேட் பக்கம் போனால், எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் எதிர்க்கரையில் நடக்கும் ஒளிக்காட்சியைக் கூட்ட நெரிசல் குறைவாகப் பார்க்கலாம். திரும்ப எஸ்பிளனேட் எம்ஆர்டி அருகிலேயே இருக்கிறது.