கருப்பையின் அசைவு: சில நாட்குறிப்புகள்

பிப்ரவரி 5, 2024

எம்.ஆர்.ஐ. அறிக்கை இன்று கைக்கு வந்தது. கருப்பையின் உள்வரிச் சவ்வை ஒட்டிக் கரும்பட்டையாகத் தெரியும் உள்தசை அடுக்கு எனக்கு 13 மி.மீ. தடித்திருக்கிறது. 12 மி.மீ. அளவை எட்டினாலே அடினோமயோசிஸ் (உள்வரிச் சவ்வின் திசு தசைக்குள் ஊடுருவித் தசை தடிக்கும் நோய்) இருக்கலாம் என்று கருதுவார்கள் என மருத்துவர் விளக்கினார். உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப். முறையில் உருவான, நல்ல தரமுள்ள ஐந்தாம் நாள் கருக்களை இரண்டு முறை வைத்தும் தங்காமல் போனபோது, முன்பு சிகிச்சை பெற்ற இடத்தில் கருவின் தரத்தையும் சவ்வின் தடிமனையும் பற்றித்தான் பேசினார்களே தவிர, தசையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் காரணம் என்று அத்தை நம்பினார். ஒரு கட்டத்தில் நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

பிப்ரவரி 11

மாதவிடாய் வலியின்போது அல்லாமல் மற்ற நாட்களில் கருப்பை அசைவதை நாம் உணர்வதில்லை. அதனால் அதை வெறும் பை என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த உள்தசை அடுக்கு அலையலையாகச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் அலை மேலிருந்து கருப்பை வாயை நோக்கி இறங்குகிறது. பிறகு திசை மாறி, முட்டை வெளிப்படும் நாள் நெருங்க நெருங்கக் கீழிருந்து மேலாக வேகம் கூடுகிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு அளவிலான கதிரியக்க அல்புமின் துகள்களைப் பெண்ணுறுப்பின் உட்பகுதியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நீந்தத் தெரியாத அத்துகள்கள் சில நிமிடங்களிலேயே மேலேறியதோடு, முட்டை முதிர்ந்திருந்த பக்கத்துக் கருக்குழாயை நோக்கியே மிகுதியாகச் சென்றன. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டரோன் என்னும் ஹார்மோன் சுரந்து இதே தசையை அடக்குகிறது. கரு ஒட்டிக்கொள்ள வேண்டியது அந்த அமைதியில்தான்.

பிப்ரவரி 18

பாரிஸ் அருகே கிளமார் நகர மருத்துவமனையில் ஃபான்ஷன் குழுவினர் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வை இரண்டு முறை படித்தேன். 220 ஐ.வி.எஃப். சுழற்சிகளில், கருவை வைப்பதற்குச் சற்று முன் ஐந்து நிமிடம் ஸ்கேன் பதிவுசெய்து சுருக்கங்களை எண்ணினார்கள். நிமிடத்துக்கு மூன்றோ அதற்குக் குறைவாகவோ சுருங்கியவர்களில் 53 விழுக்காட்டினர் கருத்தரித்தனர். ஐந்துக்கு மேல் சுருங்கியவர்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே. இரத்தத்தில் புரோஜெஸ்டரோன் கூடுதலாக இருந்தவர்களுக்குச் சுருக்கம் குறைவாக இருந்தது. குறைந்த சுருக்கமும் கருத்தரிப்பும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது என்பதை அறிவேன்; என்றாலும் இந்த அளவு வேறுபாட்டை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 16

இரண்டாவது லியூப்ரோலைடு ஊசி. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சில மாதம் அடக்கிவைத்துத் தடித்த தசையைத் தணியச் செய்த பிறகு, உறையவைத்த கருவை வைப்பதாகத் திட்டம். இரவில் உடல் தகித்து வியர்க்கிறது.

ஏப்ரல் 27

சுருக்கத்தை அடக்கும் அட்டோசிபன் மருந்தை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் அம்மருந்து, குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போடப் பயன்படுவது. மருத்துவர் 2014இல் வெளியான ஹாங்காங் குழுவின் ஆய்வை எடுத்துக்காட்டினார். 800 பெண்களை இரு பிரிவாக்கிச் செய்த அந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. ஆனால் அப்பெண்கள் சுருக்கம் மிகுந்தவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்று நான் சொன்னபோது, அவர் மறுக்கவில்லை. உறுதியான பயன் தெரியாத மருந்தைத் தரத் தமக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது; ஆனாலும் அவர் சொன்னது நேர்மையான பதில்.

ஜூன் 5

இன்று கருவை வைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டதற்காக மருத்துவர் முதலில் ஐந்து நிமிடம் ஸ்கேனில் பார்த்தார். நிமிடத்துக்கு இரண்டு சுருக்கங்கள் இருந்தன. எல்லா இடங்களிலும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டும் என்பது என் கருத்து. கருவைச் செலுத்தும் கத்தீட்டர் என்னும் மென்மையான மெல்லிய குழாயைக் கருப்பையின் மேல்சுவரில் படாமல் ஒன்றரை சென்டிமீட்டர் முன்பே நிறுத்தினார். மேல்சுவரைத் தொட்டாலே வலுவான அலைகள் எழும் என்பதை ஏற்கெனவே படித்திருந்ததால், அந்தச் சில விநாடிகள் திரையைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

ஜூன் 6

பதினைந்து நாள் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று அத்தை பாயும் தலையணையும் எடுத்துவைத்திருந்தார். 2013இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில், கருவை வைத்ததும் எழுந்து சென்றவர்களில் 56.7 விழுக்காட்டினருக்கும், பத்து நிமிடம் படுத்திருந்தவர்களில் 41.6 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்ததை அவரிடம் சொன்னேன். இந்தத் தசை நம் விருப்பத்துக்கு அசைவதில்லை, நாம் படுத்துக்கொண்டால் அதுவும் படுத்துக்கொள்வதில்லை என்றும், முன்பு நான் படியேறியதால் எதுவும் கலைந்துவிடவில்லை என்றும் விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ உன்னை நான் சும்மா ஏசியிருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இரத்தப் பரிசோதனை 17ஆம் தேதி.